என் கட்டிலருகில் நீ சொன்ன ‘இல்லை’

தம்பி,

நீ ஊரறிய எழுதினாய். அதனால் நானும் ஊரறியவே எழுதுகிறேன். உன் முகநூல் பதிவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் போனில் எனக்கு வாசித்துக் காட்டினாள். ‘ஒரு தமிழ்த் தாய்க்கு நடந்த அநியாயம்’ என்று தலைப்புப் போட்டிருந்தாய். அந்தத் தாய் நான்தான் என்று விளங்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடுகண்ணாவையில் நம் வீட்டின் பின்படியில் மழைப் பாசியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டவள் நான். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காலுக்குத் தகடு வைத்தார்கள். வலிக்கு நரம்பு வழியாக ஊசி மருந்து ஏற்றினார்கள். அதன் பிறகு வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து, எனக்கு வேறு யாரோ கொடுத்த இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. இதுவரைக்கும் நீ எழுதியதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ‘ஊசி போடுமுன் யாரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை’ என்று எழுதி, அந்தத் தாதியின் பெயரையும் போட்டிருக்கிறாயே, அந்த இடத்தில்தான் எனக்கு வயிறு மறுபடி எரிந்தது. புதன்கிழமை ஆஸ்பத்திரி விசாரணையில் இதையே சொல்லப் போகிறாய் என்று அறிகிறேன். அதற்கு முன் நீ இதை வாசிக்க வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீ அதை முடித்துவிடுவாய். “சரிம்மா, வெளங்குதும்மா, நான் பாத்துக்கிறேன்” என்பாய். நான் என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே மறந்துபோகும். கொழும்பில் காப்புறுதி நிறுவனத்தில் நாள் முழுக்க மனிதர்களோடு பேசிக் களைத்துப்போகிற பிள்ளை, விட்டுவிடுவோம் என்று நானும் போனை வைத்துவிடுவேன். கடிதத்தில் அப்படி இடையில் வெட்ட முடியாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். குறுக்கே பேசுகிறவனை எப்படி உட்கார வைப்பது என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆகவே உட்கார்.

எங்கள் வாயாக உன்னை ஆக்கியது நாங்கள்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா கண்டி டவுனில் இரும்புக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தார். அவருக்குச் சிங்களத்தில் ஆணி, கம்பி, சீமெந்து எல்லாம் தெரியும், அதற்கு மேல் தெரியாது. எனக்குச் சிங்களம் காதுக்குள் போகும், வாய்க்கு வராது. நீ மட்டும் தெருப் பிள்ளைகளோடு பந்தடித்தே அவர்களைப் போலப் பேசக் கற்றுக்கொண்டாய். அப்பா அடையாள அட்டை விஷயமாக ஒரு காரியாலயத்துக்குப் போனபோது, அங்கே இருந்தவர் தலை நிமிராமலே, சிங்களம் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை நாங்கள் உன்னைக் கூட்டிப் போனோம், பள்ளிக்கூடச் சட்டையோடு. நீ பேசத் தொடங்கியதும் அந்த மனிதரின் முகமே மாறிவிட்டது. மேசைக்கு முன்னால் ஒரு கதிரைதான் இருந்தது. அதில் உன்னை உட்காரச் சொன்னார். அப்பா உனக்குப் பின்னால் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாத்தா எந்த வருஷம் பிறந்தவர் என்று அவர் கேட்க, நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏதோ ஒரு வருஷத்தைச் சொன்னாய். அவரும் எழுதிக்கொண்டார். அது சரியா பிழையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வேலை முடிந்ததே என்று உனக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தோம்.

கட்டுகஸ்தோட்டையில் நாம் வாடகைக்கு இருந்த வீடும் எனக்கு ஞாபகம் வருகிறது. ஒழுகுகிற கூரையைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு ஒருநாள் கோபம் தலைக்கேறிவிட்டது. வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து வாசலில் நிற்கிறார். “இந்தக் கூரைக்கு வாடக வாங்க ஒனக்கு வெக்கமா இல்லையான்னு கேளுடா” என்று அப்பா உன்னிடம் சொன்னார். நீ வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, அங்கிள், நீங்கள் எங்களுக்கு எப்போதும் உதவி செய்கிறவர் என்று அப்பா சொல்கிறார், மழை என் புத்தகங்களில் விழுகிறது, நேரம் கிடைத்தால் கொஞ்சம் பாருங்கள் என்றாய். மறுநாளே ஓடு வந்து இறங்கியது. “பாத்தியா, நாலு வார்த்த காரமா சொன்னாத்தான் வேல நடக்கும்” என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். எனக்கு நீ சொன்னது விளங்கியதால் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் சாகும் வரைக்கும் அந்த இரகசியத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு வீட்டில் ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது. கேள்வி யாருக்கு வந்தாலும் பதில் உன்னுடையது. எங்களிடம் கேட்டுவிட்டுச் சொல் என்று நாங்கள் ஒருநாளும் உனக்குச் சொன்னதில்லை, உனக்கும் அது தோன்றவில்லை.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அறுவை முடிந்து, முதுகில் போட்ட மயக்க ஊசியின் வேலை தீர்ந்த பிற்பகல் அது. கால் யாரோ சுத்தியலால் அடிப்பது போல வலித்தது. நீ கட்டிலுக்குப் பக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாய். உன் காரியாலயத்தில் ஏதோ அவசரம். அந்தத் தாதி மிஸ் சின்ன ட்ரேயோடு வந்தார். ஊசி மருந்தைச் சின்ன சேலைன் போத்தலில் கலந்து கொண்டுவந்திருந்தார். ஏற்றுவதற்கு முன் கேட்டார், தம்பி. நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். அம்மாவுக்கு முன்பு வயிற்றில் புண், இரத்தம் போனது ஏதாவது உண்டா? சிறுநீரக வருத்தம்? இழுப்பு? அஸ்பிரின் போன்ற குளிசை ஏதும் ஒத்துக்கொள்ளாதா? வீட்டில் வேறு வலிக் குளிசை எடுக்கிறாரா? நீ போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி, “நே, நே மிஸ், பிரஷருக்கு மட்டும் எடுக்கிறாங்க” என்று சிங்களத்தில் சொன்னாய். ‘நே’ என்றால் இல்லை என்பது எனக்குத் தெரியும். கேள்வி முடியுமுன்னே உன் ‘இல்லை’ வந்துவிட்டது. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உன் ‘இல்லை’ பொய் அல்ல, அதையும் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததை நீ சொன்னாய். நீ உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு ஒருநாள் கறுப்பாக வாந்தி வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து வயிற்றில் புண் என்றார்கள். சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறேன் என்று அப்பா உன்னிடம் சொன்னார். பரீட்சை எழுதுகிற பிள்ளையிடம் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் சொல்லக்கூடாது என்பது நமக்குள் எழுதாத சட்டம். தோட்டத்து லயத்திலும் அப்படித்தான், டவுனிலும் அப்படித்தான். பரீட்சை முடிந்தது, பெறுபேறு வந்தது, நீ வேலைக்கும் போய்விட்டாய். புண்ணும் மருந்தில் ஆறிவிட்டது. இனிப் பழசைக் கிளறி என்ன செய்வது என்று விட்டுவிட்டோம். நல்ல எண்ணத்தில்தான் மறைத்தோம். ஆனால் என் உடம்பைப் பற்றி உனக்குத் தெரியாததை, எனக்குப் பதிலாக நீ பேசுகிற இடத்திலும் சொல்லாமல் விட்டது நல்ல எண்ணம் ஆகாது.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. கொஞ்ச காலமாகவே முழங்கால் வலிக்குப் பார்மசியில் ஒரு குளிசை வாங்கிப் போடுகிறேன். டொக்டர் துண்டு ஒன்றும் இல்லை. ‘மூட்டுக் குளிசை’ என்றால் அந்தப் பெடியன் எடுத்துத் தந்துவிடுவான். உன்னிடம் சொன்னால் “யாரைக் கேட்டு வாங்கினீங்க?” என்று குதிப்பாய், அதனால் கைப்பையில் ஒளித்து வைத்திருந்தேன். அந்தக் கைப்பை ஆஸ்பத்திரிக்கும் என்னோடு வந்தது. ஊசி மருந்து ஏறியும் கால் வலி முழுதாக அடங்கவில்லை. நீ கீழே கன்டீனுக்குப் போன நேரம், தலையணைக்கடியில் இருந்து ஒன்றை எடுத்துத் தேத்தண்ணியோடு விழுங்கினேன். அடுத்த நாளும் அப்படியே செய்தேன். நரம்பு வழியாக ஏறிக்கொண்டிருந்த மருந்தும் என் கைப்பைக் குளிசையும் ஒரே இன மருந்து என்று எனக்கு யார் சொல்வது? அது இருப்பது தெரிந்தால்தானே சொல்ல முடியும். உன் கோபத்துக்குப் பயந்து ஒளித்ததை வைத்தியர்களிடமும் ஒளித்தவளாகிவிட்டேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரம் நீ வேலைக்கென்று கொழும்புக்குத் திரும்பிப் போயிருந்தாய். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. வெட்கத்தில் நான் யாருக்கும் சொல்லவில்லை. கழிவறையிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போது கண் இருட்டியது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்குறணை அம்மாதான் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். ஓடி வந்தது யார் தெரியுமா? நீ பெயர் போட்டு எழுதியிருக்கிற அதே மிஸ்தான். என்னைத் தாங்கிக் கட்டிலில் கிடத்தி, பிரஷர் பார்த்து, மருந்து போத்தலை உடனே மூடிவிட்டு டொக்டருக்குப் போன் செய்தார். “அம்மே, மல கறுப்பா?” என்று உடைந்த தமிழில் கேட்டார். ஆம் என்று தலையாட்டினேன். அவரும் பயந்துபோனார், நானும் பயந்துபோனேன். உன் கல்யாணத்தைப் பார்க்காமல் போய்விடுவேனோ என்று அப்போது நினைத்தேன். தை மாதக் கல்யாணத்துக்கு நான் எடுத்து வைத்த சேலையைக்கூட நினைத்தேன் என்றால் சிரிப்பாய்.

குழாய் விட்டுப் பார்த்து இரத்தத்தை நிறுத்திய பிறகு, யாழ்ப்பாணத்துப் பக்கத்து இளம் டொக்டர் ஒருவர் வந்து என் கட்டிலருகே நின்றார். தமிழ்க் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. “முந்தி உங்களுக்கு வயித்துப் புண் இருந்ததோ அம்மா?” என்று கேட்டார். “இருந்துச்சு டொக்டர்” என்றேன். கைப்பைக் குளிசையையும் எடுத்துக் காட்டினேன். அவர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஊசி கையிலதானே போகுது, வயித்துக்கு என்ன செய்யும்?” என்று கேட்டேன். “ஓம் அம்மா, எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். வாயால போனாலும் ஊசியால போனாலும் அது இரத்தத்தோட போய் எல்லா இடமும் சேரும். நோவும் வீக்கமும் குறையும், நல்ல மருந்துதான். ஆனா வயித்தின்ர உள்பக்கத்தைக் காக்கிறதையும் சேத்துக் குறைச்சுப் போடும். இரத்தம் உறையிறதும் பிந்தும். சிறுநீரகத்துக்குப் போற இரத்தமும் குறையும்” என்றார். நீர் போகிற பிரஷர் குளிசை எடுக்கிறவர்கள், வயதானவர்கள், சரியாகத் தண்ணீர் குடிக்காதவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டுமாம். நான் அந்த மூன்றும் சேர்ந்த ஆள். கழிவறைக்குப் போகச் சோம்பி நான் தண்ணீரே குடிக்கவில்லை. “அதுதான் உங்கட சலமும் குறைஞ்சு போச்சு. இந்த மருந்தைக் குறைஞ்ச அளவில, குறைஞ்ச நாளுக்குத்தான் குடுக்கிறது. நோ தணிஞ்சா பரசிட்டமோலுக்கு மாத்திப் போடுவம். ஒரே இன மருந்து ரெண்டு சேர்ந்து போகவே கூடாது” என்றார். கடைசியில், புண் இருந்ததை ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டார். மறந்துபோனேன் என்று சொன்னேன். மறக்கவில்லை, தம்பி.

அன்று மாலை நீ கொழும்பிலிருந்து பறந்து வந்தாய். பழைய புண்ணைப் பற்றி டொக்டர் சொன்னதும் உன் முகம் வெளுத்தது. அடுத்த நிமிஷம் சிவந்தது. “இதையெல்லாம் ஊசி போட முன்னுக்குக் கேக்கணும்தானே?” என்று அந்த மிஸ்ஸைப் பார்த்துக் கத்தினாய். நான் கேட்டேன் சார், நீங்கள்தான் இல்லை என்றீர்கள் என்று அவர் சொன்னார். “பொய்! என்கிட்ட யாரும் கேக்கல” என்றாய். வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீ வேண்டுமென்று பொய் சொல்கிறாய் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனை மேசைகளுக்கு முன்னால் எத்தனை ‘ஆம்’, ‘இல்லை’ சொல்லியிருப்பாய். அவற்றில் ஒன்றாக அதுவும் உன் வாயிலிருந்து போய்விட்டது. மூச்சு விட்டதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஆனால் எனக்கு ஞாபகம் இருந்தது. கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருக்க, நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் என் பிள்ளையைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொருத்தி பெற்ற பிள்ளை தலைகுனிந்து நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அதை மறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன கிழமை அக்குறணை அம்மா போன் செய்தார். தன் காயத்துக்குக் கட்டு மாற்ற அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். “ஒங்கட மகன் போட்டதால அந்தப் புள்ளய வேலைக்கி வர வேணாண்டு செல்லி ஈக்காங்க. விசாரண முடியிற வரைக்கும் ஊட்லதானாம். நானும் அண்டக்கி பக்கத்துல ஈந்ததுதானே, அந்தப் புள்ள கேட்டது எனக்கும் கேட்டிச்சி. நீங்க ஒண்டும் செல்லலயா?” என்றார். கால் வலிக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்தேன். அன்றைக்குக் கால் வலிக்கவேயில்லை. பிறகுதான் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு உன் பதிவை முழுதாக வாசிக்கச் சொன்னேன். கீழே வந்திருந்த கருத்துகளையும் வாசித்தாள். சிலதை வாசிக்காமல் விட்டாள், வாசி என்றேன். தமிழ் ஆள் என்றால் இப்படித்தான் சாகடிப்பார்கள் என்று யாரோ எழுதியிருக்க, அதற்குச் சிங்களத்தில் இன்னொருவர் அசிங்கமாகப் பதில் போட்டிருந்தார். இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்துக்கொள்கிறார்கள், என் வயிற்றுப் புண்ணை நடுவில் வைத்துக்கொண்டு.

உன் அப்பாவைத் தலை நிமிராமல் திருப்பி அனுப்பிய மனிதரை நான் மறக்கவில்லை. அது நடந்தது. இன்னும் நடக்கிறது. அதனால்தான் உனக்கு உடனே இரத்தம் கொதிக்கிறது என்பதும் எனக்குத் தெரியும், அதற்காக உன்னைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நடந்த அநியாயத்தைச் சொல்ல நமக்கு இருக்கிற ஒரே பலம், நாம் சொல்வது உண்மை என்பதுதான். நடக்காததையும் அதோடு சேர்த்துச் சொன்னால், நாளைக்கு உண்மையாகவே ஒருத்தி கவனிப்பாரில்லாமல் கிடக்கும்போது அவள் பேச்சை யார் நம்புவார்கள்? அந்த மிஸ் என்னைத் தமிழ் என்று பார்த்துக் கேட்காமல் விடவில்லை. கேட்டார். பதில் நம் பக்கத்திலிருந்து பிழையாகப் போனது. உன் பதிவுக்கு இதுதான் என் திருத்தம்.

முறைப்பாடே செய்யாதே என்று சொல்லவில்லை. சரியான முறைப்பாட்டைச் செய். கட்டிலில் கிடப்பது நான், கேள்வி என் வயிற்றைப் பற்றி, அதை ஏன் என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை? தமிழ் தெரிந்த ஒரு டொக்டர் அதே கட்டிடத்தில் இருந்தாரே, மருந்து ஏற்றுமுன் அவரையோ வேறு யாரையோ ஏன் கூப்பிடவில்லை? போனில் பேசிக்கொண்டு நின்ற ஒரு மகனின் ‘இல்லை’ எப்படிப் போதுமென்று பட்டது? கைப்பையில் என்ன இருக்கிறது என்று அனுமதிக்கும்போதே ஏன் பார்க்கவில்லை? இதையெல்லாம் கேள். எழுதிக் கொடு. நோயாளியின் மொழியில் நோயாளியிடமே கேட்க வேண்டும் என்று ஒரு வழக்கம் அங்கே வந்தால், அடுத்து அந்தக் கட்டிலில் படுக்கிறவளுக்கு உதவும். ஒரு பிள்ளையின் வேலையைப் பறித்தால் அது உனக்கும் எனக்கும் மனதில் முள்ளாகத்தான் இருக்கும்.

உனக்குச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தை பிறந்தால் நீயும் ஒரு குடும்பக்காரன். உன் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒருநாள் நிற்க வேண்டி வரும். பிரசவமாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கும் சிங்களம் மட்டுமட்டு. வலிக்கு ஊசி மருந்து கொண்டுவந்தால், அது என்ன மருந்து என்று கேள். வயிற்றுப் புண், சிறுநீரகம், இதயம், இழுப்பு, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா, வீட்டில் விழுங்குகிற குளிசை, ஒத்துக்கொள்ளாத மருந்து, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது அவள். நீ போனை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி, “ஒனக்கு இப்படி ஏதும் இருக்கா?” என்று கேள். அவள் யோசிக்கட்டும். மிஸ் காத்திருப்பார், உலகம் முழுகிப் போகாது. உனக்குத் தெரியாது என்றால், எனக்குத் தெரியாது, அவரிடமே கேளுங்கள் என்று சொல். உன் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. கைப்பைக்குள் ஒளித்து வைக்க வேண்டிய பயத்தையும் அவளுக்குக் கொடுத்துவிடாதே. என் மூட்டுக் குளிசையைப் பற்றி இப்போது சொல்லிவிட்டேன், நீ குதிக்க வேண்டுமானால் குதி, கேட்டுக்கொள்கிறேன். இனி வாங்கமாட்டேன்.

புதன்கிழமைக்குக் கடுகண்ணாவையில் நிற்கிற ரயிலாகப் பார்த்து ஏறு. நான் ஸ்டேஷனில் வாக்கரோடு நிற்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னைக் கொண்டுவந்து விடுவாள். இறங்கி என்னைக் கைபிடித்து ஏற்று, இருவரும் சேர்ந்து கண்டிக்குப் போவோம். நீ கோபத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால், வேறு யாராவது ஒருவர் கையைப் பிடித்து நானே அந்தப் பெட்டியில் ஏறுவேன். கிழவி செய்வாளா என்று நினைக்காதே, செய்வேன். வீட்டுக்குத் திரும்பிய பிறகு என் கடிதத்தை நீயே உன் பதிவுக்குக் கீழே போடு. அந்தப் பிள்ளையின் பெயரையும் எடுத்துவிடு.

விசாரணை அறையில் கேள்வி வந்தால் நீ எனக்காக வாய் திறக்காதே. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிக் கொடுக்கச் சொல்லி, ஒரு கிழமையாக அடுப்படியில் நின்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறேன். “மிஸ் அபென் எஹுவா.” மிஸ் எங்களிடம் கேட்டார். உச்சரிப்பு கோணலாக இருக்கும், அங்கே இருப்பவர்கள் சிரித்தாலும் சிரிப்பார்கள். உன்னை மாட்டிவிட நான் வரவில்லை, தம்பி. நீ பதில் சொன்னாய், நான் கேட்டுக்கொண்டு சும்மா கிடந்தேன், இரண்டையும் நானே சொல்வேன். அந்த மேசைக்கு முன்னால் கதிரை ஒன்றுதான் இருந்தால், இந்த முறை அதில் நான் உட்காருகிறேன். நீ பின்னால் நில், உன் அப்பா நின்றாரே, அப்படி.

அம்மா